முத்திரையில் உள்ள தேதியே சட்டம்
விசா இல்லாமல் வெளிநாடு செல்லும் வணிகர்களுக்கு ஒரு பாடம்



விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மளிகைக் கடை வைத்திருப்போர் வெளிநாடு போவது ஒரு காலத்தில் அபூர்வம். பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்த்தால் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவார்கள், அவ்வளவுதான். இப்போது நிலைமை வேறு. மொத்த வியாபார நிறுவனங்கள் விற்பனை இலக்கை எட்டிய கடைக்காரர்களைப் பாங்காக் அழைத்துப் போகின்றன. பேக்கிங் இயந்திரம் பார்க்கவும், உணவுப் பொருள் கண்காட்சி பார்க்கவும் நம் உறுப்பினர்கள் தாங்களாகவே கிளம்புகிறார்கள். விசா தேவையில்லை என்றதும் பாதிக் கவலை தீர்ந்துவிடுகிறது.

ஆனால் விசா தேவையில்லை என்பதற்கு, இஷ்டம் போல் தங்கலாம் என்று பொருள் இல்லை. எத்தனை நாள் தங்கலாம், அதற்கு மேல் தங்க நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும், எங்கே கேட்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. நம்மவர்கள் அதிகம் போகும் தாய்லாந்தை முக்கிய உதாரணமாக வைத்து இந்தப் பாடத்தை எழுதுகிறோம். மற்ற நாடுகளை ஒப்பிட்டும் காட்டுகிறோம்.

எல்லை நமக்குப் புதிதல்ல

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி 40 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் 1954 நவம்பர் 1 வரை அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சரக்கு ஏற்றிப் போன நம் முன்னோர், எல்லை என்றால் என்ன, காகிதம் என்றால் என்ன என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள். இலங்கையிலும் அப்படித்தான். தமிழ்நாட்டு வணிகர்கள் அங்கே தடையில்லாமல் போய் வந்த காலம் ஒன்று இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1948-ஆம் ஆண்டின் 20-ஆம் எண் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தை இலங்கை கொண்டு வந்தபோது அந்தக் காலம் முடிந்தது. கடையும் கணக்கும் அங்கே இருக்க, தங்கும் உரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை பல வணிகக் குடும்பங்களுக்கு வந்தது.

நம் பக்கத்திலேயே இன்னொரு உதாரணமும் உண்டு. ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது. அங்கே வந்து தங்கும் வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. அவருக்கு அறை கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டமும் இந்தக் கடமையை வைத்திருக்கிறது. இங்கே அவர்களுக்கு என்னவோ, அங்கே நமக்கும் அதுவே. எல்லை தாண்டிய நிமிடத்தில் நாம்தான் வெளிநாட்டவர்.

விசா விலக்கு என்றால் என்ன?

விசா என்பது போவதற்கு முன்பே வாங்கும் அனுமதி. விசா விலக்கு என்றால் அந்த முன் அனுமதி வேண்டாம் என்று மட்டுமே பொருள். விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்து, கேள்வி கேட்டு, உள்ளே விடலாம் என்று தீர்மானித்து முத்திரை குத்துகிறார். எந்தத் தேதி வரை தங்கலாம் என்பது அந்த முத்திரையில் இருக்கும். சுற்றுலா ஏஜென்ட் சொன்ன தேதியும், விமான டிக்கெட்டில் உள்ள தேதியும், கூட வந்தவருக்குக் கிடைத்த தேதியும் நம்மைக் கட்டுப்படுத்தாது. நம் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைத் தேதியே நமக்குச் சட்டம்.

ஆகவே கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் அந்தத் தேதியைப் படித்துப் பாருங்கள். கடையில் சில்லறை வாங்கினால் எண்ணிப் பார்க்காமல் யாராவது நகர்வார்களா? தேதி தவறாக விழுந்திருந்தால் அங்கேயே பணிவாகச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். ஊருக்குள் போன பிறகு அதைச் சரிசெய்ய அலைய வேண்டியிருக்கும்.

விதிகள் மாறும் வேகம்

தாய்லாந்து விதி மாறிய வரலாற்றைப் பாருங்கள். 2023 நவம்பருக்கு முன் இந்தியர்கள் விமான நிலையத்தில் 2,000 பாட் கட்டி 15 நாள் விசா வாங்குவது வழக்கம். 2023 நவம்பர் 10 முதல் விசா இல்லாமல் 30 நாள் என்றார்கள். 2024 ஜூலை 15 முதல் அதை 60 நாளாக உயர்த்தினார்கள். 2025-லேயே அதை மீண்டும் 30 நாளாகக் குறைப்பது பற்றி அந்நாட்டு அரசு பேச ஆரம்பித்துவிட்டது. இரண்டே ஆண்டில் இத்தனை மாற்றம்.

போன வருஷம் போனவர் சொன்னதைக் கேட்டு இந்த வருஷம் கிளம்பக் கூடாது என்பதே இதில் உள்ள பாடம். மல்லாட்டை விலையை நேற்றைய சீட்டு பார்த்தா பேசுகிறோம்? கிளம்பும் வாரத்தில் அந்நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

2025 மே 1 முதல் தாய்லாந்து செல்வோர் டிஜிட்டல் வருகை அட்டையை, அங்கு போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும் என்ற விதியும் வந்தது. இதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் போலித் தளங்களில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நாள் கணக்கு: தவறு நேரும் இடம்

வட்டிக் கணக்கில் பழுத்தவர்கள்கூட இங்கே சறுக்குவதுண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

திண்டிவனத்து வணிகர் ஒருவர் ஜூலை 9 இரவு சென்னையில் விமானம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாங்காக்கில் இறங்கி முத்திரை வாங்கும்போது அங்கே ஜூலை 10. உள்ளே நுழைந்த அந்த நாளே முதல் நாள். 60 நாள் அனுமதி என்றால்:

ஜூலை 10 முதல் 31 வரை 22 நாள்.
ஆகஸ்ட் முழுவதும் 31 நாள். கூட்டினால் 53.
செப்டம்பர் 1 முதல் 7 வரை 7 நாள். மொத்தம் 60.

ஆக, கடைசித் தேதி செப்டம்பர் 7. நம்மவரோ, “60 நாள் என்றால் இரண்டு மாதம், செப்டம்பர் 10-க்குக் கிளம்பினால் போதும்” என்று டிக்கெட் எடுத்திருப்பார். மூன்று நாள் அதிகம் ஆகிவிடும். அனுமதி 30 நாள் மட்டுமே என்றால் கடைசித் தேதி ஆகஸ்ட் 8. ஆகஸ்ட் 10 அல்ல.

இன்னும் ஒரு நுணுக்கம். செப்டம்பர் 7 இரவுதானே என்று நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானத்தில் டிக்கெட் எடுப்பார்கள். விமானம் 12.30-க்குக் கிளம்பினால் அது செப்டம்பர் 8. குடிவரவு கவுண்டரைக் கடக்கும் நேரம்தான் கணக்கு. தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது. நம் ஊரில் இரவு பத்தரை என்றால் அங்கே நாள் மாறிவிட்டது.

அங்குள்ள படிவங்களில் 2569 என்று ஆண்டு போட்டிருந்தால் திகைக்க வேண்டாம். அது புத்த ஆண்டு. 543-ஐக் கழித்தால் 2026 வரும்.

நீட்டிப்பு கேட்பது எப்படி?

நியாயமான காரணத்துக்காக மேலும் சில நாள் தங்க வேண்டி வரலாம். இயந்திரம் பார்க்கப் போன இடத்தில் சோதனை ஓட்டம் தள்ளிப்போகலாம். கூட வந்த மனைவிக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்க்க நேரிடலாம். அப்போது பயப்படவும் வேண்டாம், மெத்தனமாக இருக்கவும் வேண்டாம். இதற்கென்று முறையான வழி இருக்கிறது.

2024-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, 60 நாள் விசா விலக்கில் வந்தவர் குடிவரவு அலுவலகத்தில் மனுச் செய்து மேலும் 30 நாள் வரை நீட்டிப்பு கேட்கலாம். செய்ய வேண்டியவை:

1. டி.எம்.7 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அலுவலகத்திலேயே கிடைக்கும்.

2. 4-க்கு 6 சென்டிமீட்டர் அளவுள்ள புகைப்படம், பாஸ்போர்ட், அதில் முகப்பு பக்கம் மற்றும் முத்திரை உள்ள பக்கத்தின் நகல் ஆகியவை வேண்டும். நகலில் கையெழுத்திட வேண்டும்.

3. தங்கியிருக்கும் இடத்துக்கான ஆதாரம் கேட்பார்கள். வெளிநாட்டவர் வந்து தங்கியதை வீட்டுக்காரரோ விடுதிக்காரரோ 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கும் சட்டம். அதற்கு டி.எம்.30 என்று பெயர். ஓட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். உறவினர் வீட்டில் தங்கினால் அவர் இதைச் செய்தாரா என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இது இல்லாமல் நீட்டிப்பு மனு தடைப்படும்.

4. கட்டணம் 1,900 பாட். மனு நிராகரிக்கப்பட்டாலும் இது திரும்ப வராது.

5. பாங்காக்கில் இருப்பவர் செங் வத்தனா பகுதியில் உள்ள அரசு அலுவலக வளாகத்துக்குப் போக வேண்டும். வேறு மாகாணத்தில் இருந்தால் அங்குள்ள குடிவரவு அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

மூன்று விஷயங்களைக் கவனத்தில் வையுங்கள். முதலாவது, முத்திரைத் தேதி முடிவதற்குள் மனுச் செய்ய வேண்டும். முடிந்த பிறகு போனால் நீட்டிப்பு பேச்சே இல்லை, அபராதப் பேச்சுதான். இரண்டாவது, நீட்டித்த நாள்கள் பழைய தேதி முடிந்த பின்னர் தொடங்கும். ஆகவே நாலு நாள் முன்னதாகப் போனால் நாலு நாள் நஷ்டமாகுமே என்று கடைசி நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. மூன்றாவது, நீட்டிப்பு உரிமை அல்ல. தருவதும் மறுப்பதும் அதிகாரியின் தீர்மானம். ஆதாரங்களைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்வதே வழி.

விடுமுறையையும் பாருங்கள். நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஏப்ரல் 13 முதல் 15 வரை அங்கே சொங்கிரான் பண்டிகை. அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும். கடைசித் தேதி அந்த நாள்களில் விழுந்தால் முன்வாரமே போய்விட வேண்டும்.

நீட்டிப்பு வாங்கிய பின், “மலேசியாவுக்கு ஒரு நடை போய் வரலாம்” என்று வெளியேறினால், மீதி நாள்கள் அத்துடன் போய்விடும். அவை தொடர வேண்டுமானால் வெளியேறுமுன்பே மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட்.

“அபராதம் மலிவு” என்ற கணக்கு

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறோம். வியாபாரியின் மூளை உடனே ஒரு கணக்குப் போடும். அதை மறைக்காமல் நாமே இங்கே போட்டுவிடுகிறோம்.

தாய்லாந்தில் அனுமதி முடிந்தும் தங்கினால் நாள் ஒன்றுக்கு 500 பாட் அபராதம். உச்ச வரம்பு 20,000 பாட். அதாவது 40 நாளோடு அபராதம் நின்றுவிடும். மேலே சொன்ன திண்டிவனத்து வணிகருக்கு மூன்று நாள் அதிகமானால் 1,500 பாட். நீட்டிப்புக் கட்டணமோ 1,900 பாட். “நாலாவது நாளில்தானே அபராதம் கட்டணத்தைத் தாண்டுகிறது? மூன்று நாளுக்கு எதற்கு அலுவலகம், வரிசை? விமான நிலையத்தில் அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாமே” என்று தோன்றும். இப்படி யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டுகிறோம். கட்டியதும் விஷயம் முடிந்தது. அந்தப் பழக்கத்தில் இதையும் தாமதக் கட்டணம் என்று நினைத்துவிடுகிறோம். பிழை அங்கேதான் இருக்கிறது. அனுமதி முடிந்து தங்குவது அந்நாட்டின் 1979-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. விமான நிலையத்தில் நாமாகப் போய் அபராதம் கட்டும்போது பெரும்பாலும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள் என்பது சலுகை. அந்த மூன்று நாளுக்குள் சாலையில் போலீஸ் சோதனையில் சிக்கினால் சலுகை இல்லை.

2016 மார்ச் 20 முதல் நடைமுறைக்கு வந்த தடை விதிகளைப் பாருங்கள்.

தாமாக வந்து வெளியேறுபவருக்கு:
90 நாளுக்கு மேல் தங்கியிருந்தால் 1 ஆண்டு நுழையத் தடை.
1 ஆண்டுக்கு மேல் என்றால் 3 ஆண்டு.
3 ஆண்டுக்கு மேல் என்றால் 5 ஆண்டு.
5 ஆண்டுக்கு மேல் என்றால் 10 ஆண்டு.

பிடிபட்டவருக்கு:
1 ஆண்டுக்குக் குறைவாக இருந்தாலே 5 ஆண்டு தடை.
1 ஆண்டுக்கு மேல் என்றால் 10 ஆண்டு.

பிடிபட்டவருக்கான விதியில் 90 நாள் சலுகை கிடையாது என்பதைக் கவனியுங்கள். 400 பாட் மிச்சம் பிடிக்கப் போய் ஐந்து ஆண்டு கதவு மூடிவிடக்கூடும். தடை வந்த பாஸ்போர்ட்டைப் பார்த்து வேறு நாட்டு விசா அதிகாரியும் கேள்வி கேட்பார். பின்னால் மகளைப் பார்க்க அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பம் போடும்போது, எங்காவது அனுமதி மீறித் தங்கியதுண்டா என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருக்கும். இந்தக் கணக்கில் லாபம் எங்கே இருக்கிறது?

எல்லைக்குப் போய்த் திரும்பி வரும் தந்திரம்

இன்னொரு யோசனையும் உலவுகிறது. நாள் முடியும்போது பக்கத்து நாட்டு எல்லை தாண்டி, உடனே திரும்பி வந்து புது முத்திரை வாங்குவது. இதை நம்பி நீண்ட காலம் தங்கியவர்கள் உண்டு. 2025 நவம்பரில் தாய்லாந்து குடிவரவுத் துறை இதில் கடுமை காட்டத் தொடங்கியது. தக்க காரணமில்லாமல் இரண்டு தடவைக்கு மேல் இப்படி வந்து போனவர்களை உள்ளே விடுவதில்லை என்று அறிவித்தது. எல்லையில் திருப்பி அனுப்பினால் பெட்டியும் பொருளும் ஓட்டல் அறையில், ஆள் நடுத்தெருவில்.

மற்ற நாடுகளில் எப்படி?

ஒரு நாட்டு விதியை இன்னொரு நாட்டுக்குப் பொருத்தக் கூடாது. நாலு வகை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

நீட்டிப்பே இல்லாத வகை: நம் பக்கத்தில் நிலக்கடலையை மணிலா என்றும் சொல்வோம். அந்தப் பெயரைத் தந்த மணிலா நகரைத் தலைநகராகக் கொண்ட பிலிப்பைன்ஸ், 2025 ஜூன் 8 முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு 14 நாள் விசா விலக்கு அளித்தது. ஆனால் இந்த 14 நாளை நீட்டிக்கவும் முடியாது, வேறு வகை விசாவாக மாற்றவும் முடியாது என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

அவசரக் காரணத்துக்கு மட்டும் தரும் வகை: மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு 30 நாள் விசா விலக்கு தந்தது. பின்னர் அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்து அறிவித்தது. இங்கே நீட்டிக்கப்பட்டது திட்டம்தான், நம் தங்கும் நாள் அல்ல. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தங்கும் நாளை நீட்டிக்க வேண்டுமானால் நோய், விபத்து போன்ற தக்க காரணத்தை ஆதாரத்துடன் காட்ட வேண்டும். ஊர் சுற்றிப் பார்க்க இன்னும் பத்து நாள் என்று கேட்டால் நடக்காது.

கட்டணம் கட்டி வாங்கி நீட்டிக்கும் வகை: இந்தோனேசியாவில் இந்தியருக்கு விசா விலக்கு இல்லை. 5 லட்சம் ரூபியா கட்டி 30 நாள் விசாவை இறங்கியதும் வாங்கலாம். ஒரு தடவை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். அங்கே அனுமதி மீறினால் நாள் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபியா அபராதம். ஒரே நாள் அபராதம் விசாக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு. இலங்கைக்கு முன்கூட்டியே மின்னணுப் பயண அனுமதி வாங்க வேண்டும். முதலில் 30 நாள். அதற்கு மேல் தங்க அந்நாட்டுக் குடிவரவுத் துறையில் மனுச் செய்யலாம்.

கெடுவே இல்லாத வகை: நேபாளம். 1950-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் காரணமாக இந்தியருக்கு விசாவும் இல்லை, நாள் கணக்கும் இல்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை இருந்தால் போதும்.

சுற்றுலாவும் வியாபாரமும்

நம் உறுப்பினர்கள் சுற்றுலாப் பயணியாகப் போனாலும் கண் வியாபாரத்தில்தான் இருக்கும். அதில் தவறில்லை. பாங்காக்கில் சம்பெங் மொத்தச் சந்தையைப் பார்க்கலாம். பஹுரத்தில் நம் நாட்டுத் துணி வணிகர்களிடம் பேசலாம். ஆண்டுதோறும் நடக்கும் தாய்ஃபெக்ஸ் உணவுக் கண்காட்சியில் விலை விசாரிக்கலாம். சீலோம் தெரு மாரியம்மன் கோயிலில் கும்பிட்டு வரலாம். இவற்றுக்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை.

ஆனால் தெரிந்தவர் கடையில் கல்லாவில் உட்காருவது, சரக்குக் கட்டிக்கொடுப்பது, கொண்டுபோன பொருளைப் பரப்பி வைத்து விற்பது எல்லாம் வேலை. சம்பளம் வாங்கவில்லை, உதவிக்குத்தான் உட்கார்ந்தேன் என்றால் எடுபடாது. தாய்லாந்தில் வேலை அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம் விதித்து நாட்டை விட்டு அனுப்பவும் சட்டம் இருக்கிறது. நீட்டிப்பு கேட்டு நிற்பவர் மீது இந்தச் சந்தேகம் வந்தால் நீட்டிப்பும் போயிற்று.

அதேபோல், விற்பனைக்கான சரக்கைப் பெட்டியில் அடைத்துச் சொந்த உபயோகம் என்று கொண்டுவருவதும் வேண்டாம். வியாபார இறக்குமதிக்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும், வங்கி வழியாகப் பணம் போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை

படித்து முடித்த பிள்ளைகள் வீட்டில் இருப்போர் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்க வேண்டுகிறோம். “தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, விசா தேவையில்லை, முதலில் சுற்றுலாவாகப் போ, அங்கே போனதும் நீட்டித்து வேலை விசாவாக மாற்றித் தருகிறோம்” என்று ஏஜென்டுகள் அழைக்கிறார்கள். அப்படிப் போன பலர் எல்லை தாண்டி மியான்மாரின் மியாவடி பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி மையங்களில் அடைக்கப்பட்டார்கள். 2025 மார்ச் 10, 11 ஆகிய இரு நாள்களில் மட்டும் 549 இந்தியர்களை நம் அரசு தாய்லாந்தின் மே சோட் நகரிலிருந்து இந்திய விமானப் படை விமானங்களில் மீட்டுக் கொண்டுவந்தது. விசா விலக்கு வேலைக்கான கதவு அல்ல. வேலைக்கு அழைப்பவர் முறையான விசா எடுத்துத் தரட்டும். இல்லையென்றால் போக வேண்டாம்.

தங்கல் நீண்டால் கடை என்னாகும்?

அங்கே முப்பது நாள் நீட்டிப்பு கிடைத்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் இங்கே இருக்கும் கடையை நினைக்க வேண்டும். மாதம் 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தாக்கல் உண்டு. அதற்கு ஓ.டி.பி. யார் கைப்பேசிக்கு வரும்? மொத்த வியாபாரிக்குத் தேதியிட்டுக் கொடுத்த காசோலை எந்த நாள் வங்கிக்குப் போகும்? உணவுப் பாதுகாப்பு உரிமம் எப்போது முடிகிறது? இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மகனிடமோ நம்பிக்கையான கணக்குப்பிள்ளையிடமோ கொடுத்துவிட்டுப் போவது நல்லது. நம் ஊர் எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தி வெளிநாட்டிலும் கிடைக்கும்படி ரோமிங் வசதி செய்து வைக்க வேண்டும்.

பயணக் காப்பீட்டையும் மறக்க வேண்டாம். பத்து நாளுக்கு எடுத்த காப்பீடு பதினோராம் நாள் காய்ச்சலுக்கு உதவாது. நீட்டிப்பு கேட்கும் அன்றே காப்பீட்டையும் நீட்டிக்க முடியுமா என்று கேட்டுவிட வேண்டும். திரும்பும் டிக்கெட்டின் தேதியை மாற்ற எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்தால்தான் நீட்டிப்பின் உண்மையான செலவு தெரியும். 1,900 பாட் என்பது அசல் மட்டும். மேல்செலவு வேறு.

நோய்வாய்ப்பட்டால்

முத்திரைத் தேதி நெருங்கும்போது மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் சும்மா இருந்துவிடக் கூடாது. மருத்துவமனையிடம் சான்று வாங்கி, கூட இருப்பவர் மூலம் குடிவரவு அலுவலகத்துக்குத் தேதி முடியும் முன்பே தெரிவிக்க வேண்டும். இந்தியத் தூதரகத்துக்கும் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீசில் புகார், அடுத்து இந்தியத் தூதரகம். புதுப் பாஸ்போர்ட் கிடைத்ததும் பழைய முத்திரையை அதில் பதிய வைக்கக் குடிவரவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். முத்திரைப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பி வைத்திருந்தால் அன்று பெரிய உதவியாக இருக்கும்.

நினைவில் வைக்க

1. கிளம்பும் வாரத்தில் தூதரக அறிவிப்பைப் பார்க்கவும்.
2. முத்திரைத் தேதியைக் கவுண்டரிலேயே படிக்கவும்.
3. நுழைந்த நாளை முதல் நாளாக எண்ணவும். மாதமாக எண்ண வேண்டாம்.
4. நள்ளிரவு விமானத்தில் தேதி மாறுவதைக் கவனிக்கவும்.
5. அந்த நாட்டில் நீட்டிப்பு உண்டா, இல்லையா என்று போகும் முன்பே அறியவும்.
6. நீட்டிப்பு வேண்டுமானால் ஒரு வாரம் முன்னதாக மனுச் செய்யவும்.
7. தங்குமிடப் பதிவை உறுதி செய்யவும்.
8. அபராதத்தைக் கட்டணமாக நினைக்க வேண்டாம்.
9. சுற்றுலா அனுமதியில் வேலை செய்ய வேண்டாம்.
10. ஊரில் கடைப் பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவும்.

கடன் சீட்டில் கெடுத் தேதி தாண்டினால் நாம் எத்தனை கறாராக இருப்போம்? கெடு முடிவதற்கு முன் வந்து, “அண்ணாச்சி, இன்னும் பத்து நாள் தவணை கொடுங்கள்” என்று கேட்பவருக்கு மனமிரங்குவோம். கெடு முடிந்த பிறகு தலைமறைவானவருக்கு அடுத்த முறை சரக்கு கொடுப்போமா? எல்லை அதிகாரியும் அப்படித்தான். தேதிக்கு முன் போய்க் கேட்பவரை மதிப்பார். இந்த ஒரு பழக்கம் இருந்தால் நம் உறுப்பினர்கள் எந்த நாட்டுக்கும் தலை நிமிர்ந்து போய் வரலாம்.